தரை குடித்த தண்ணீர்

நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலில் நாம்தான் எல்லாவற்றையும் புதிதாகச் சொல்லித் தரவேண்டும் என்ற நினைப்போடு வகுப்புக்குப் போனால் பாடம் எடுபடாது. எதைக் கேட்டாலும் அவர்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. பெரும்பாலும் தவறான விளக்கம்தான். ஆனாலும் கண்ணால் பார்த்ததிலிருந்து அவர்களே யோசித்துக் கண்டது. அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் நடத்தும் பாடம், தேர்வு முடிந்ததும் கழன்று விழுந்துவிடும். பழைய விளக்கம் அப்படியே உள்ளே இருக்கும்.

நான் வேலை பார்ப்பது வேதாரண்யம் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் உப்பளத்து வீடுகள். மற்றவர்கள் மீன்பிடிக் குடும்பங்கள். ஆவியாதல் பாடம் வரும்போதெல்லாம் வாசல் சிமென்ட் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் காய்ந்திருக்கும். தண்ணீர் எங்கே என்று கேட்டால் தரை குடித்துவிட்டது என்பார்கள். சரி, ஸ்டீல் தட்டு குடிக்குமா? சத்துணவுத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வைப்போம். அதுவும் காய்ந்துவிடும். அப்படியானால் சூரியன் உறிஞ்சிவிட்டது என்பார்கள். இன்னொரு தட்டை அலமாரிக்கு மேலே, வெயிலே படாத இடத்தில் வைப்போம். நேரம் பிடிக்கும், ஆனால் அதுவும் காயும்.

இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஆவி என்றால் சோற்றுப் பானையிலிருந்து வெள்ளையாக எழும்புவது என்பது பிள்ளைகளின் கணக்கு. கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று போகும் என்பதை அவர்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாததும் நல்லதுதான். ஆசிரியர் சொல்லிவிட்டார் என்பதற்காக உடனே தலையாட்டும் பிள்ளையைவிட, “பார்க்க முடியவில்லையே டீச்சர்” என்று முரண்டு பிடிக்கும் பிள்ளையிடம்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

வழக்கை முடித்துவைப்பவர்கள் உப்பளத்துப் பிள்ளைகள். பாத்தியில் விட்ட நீர் வெயிலுக்கு மட்டும் வற்றுவதில்லை, நல்ல மேல்காற்று அடித்தால் சீக்கிரம் வற்றும், மூட்டமாக இருந்தால் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று ஒரு பையன் பெரிய மனிதன் தோரணையில் விளக்கினான். வெப்பம், காற்று, காற்றிலுள்ள ஈரப்பதம் என்று ஆவியாதலைக் கூட்டிக் குறைக்கும் முக்கியமான காரணங்கள் பலவும் அவன் பேச்சில் இருந்தன. அதே பையன் தேர்வில் ‘நீர் நீராவியாக மாறும் நிகழ்வு எது’ என்ற கேள்விக்குக் கோடிட்ட இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். விடைத்தாளில் அவனுக்குப் பூஜ்யம்தான் போட முடிந்தது. அந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சமூக அறிவியலில் எங்கள் ஊர் 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடமாக வருகிறது. அந்த உப்பு எப்படி விளைகிறது என்பதை அறிவியல் பாட வேளையில் நாங்களாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன தண்ணீர் திரும்பி வருவதைக் காட்ட, மீனுக்குப் போடும் ஐஸ் உதவியது. டம்ளரில் ஐஸைப் போட்டதும் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் கோத்தது. டம்ளரில் ஓட்டை என்றது ஒரு கட்சி. இன்னொரு டம்ளரில் ஐஸ் நீரோடு சொட்டு நீலத்தைக் கலந்து வைத்தேன். ஒருத்தி வெள்ளைக் கைக்குட்டையால் வெளிப்புறத்தைத் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீலம் துளியும் இல்லை. ஓட்டைக் கட்சி கலைந்தது. அப்படியென்றால் இந்தத் தண்ணீர் காற்றிலேயே இருந்ததா என்று அவள் கேட்டபோது, அலமாரி மேலிருந்த தட்டை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் கடல்நீரையும் தட்டில் ஊற்றிக் காயவைத்தோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். தட்டில் ஊற்றிய கொஞ்ச நீருக்கே அடியில் வெள்ளைப் படலம் தெரிந்தது. அதைத் தொட்டு நக்காத பிள்ளை இல்லை. அப்போது கைக்குட்டைக்காரி கேட்ட கேள்விக்குத்தான் நான் சற்று யோசிக்க வேண்டியிருந்தது: தட்டில் உப்பு வருகிறது, பாத்தியில் வருகிறது, கடலும் வெயிலில்தானே கிடக்கிறது, அங்கே ஏன் விளையவில்லை?

பதிலை நான் சொல்லவில்லை. ஒரே அளவு நீரை டம்ளரிலும் தட்டிலும் ஊற்றிவைக்கச் சொன்னேன். தட்டு காய்ந்த பிறகும் டம்ளரில் நீர் முக்கால் அளவு நின்றது. ஆழம் குறைவாக, அகலமாகப் பரப்பினால்தான் சீக்கிரம் வற்றும், அதனால்தான் பாத்தி கட்டுகிறார்கள் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். கடலுக்கு ஆறும் மழையும் நீர் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கின்றன என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பாடம் வந்து மாட்டினால் தட்டு காய்வதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும். அதனால் வரும் ஆண்டு ஜூன், ஜூலைக்குள் முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம்தான் மறுபடி தட்டு கேட்க வேண்டும். உப்புப் படிந்த தட்டுகளைத் தேய்த்துக் கழுவித்தான் தரவேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.