ஒரே 7542, இரண்டு ஊர்: பூஅர் சுவைத்துப் பார்த்த கதை

பூஅர் என்பது சீனாவின் யுன்னான் மாநிலத் தேயிலை, வட்டமாக அழுத்திய கட்டியைக் கேக் என்பார்கள். அந்தக் கேக் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் வருஷத்தைத்தான் சொல்வார். நான் கேட்பது வேறு: இத்தனை வருஷமும் இது எந்த ஊரில் இருந்தது?

அதைச் சோதிக்க இம்முறை இரண்டு சாம்பிள் வாங்கினேன். இரண்டும் யுன்னானின் மெங்ஹாய் தேயிலை ஆலையின் 7542 என்ற கலவை, ஷெங் வகை (குவித்துப் புளிக்கவைக்காமல், வருஷக்கணக்கில் தானாக முதிர விடுவது), ஏறக்குறைய ஒரே வயது. ஒன்று யுன்னானின் குன்மிங்கில் இருந்தது, மற்றது இங்கே கோலாலம்பூரிலேயே. (7542இல் வரும் 75 தேயிலையின் வயது அல்ல. கலவை உருவான வருஷம் 1975. 4 இலையின் தரம், 2 மெங்ஹாய் ஆலைக்கான எண். 75ஐக் காட்டி விலை ஏற்றுகிறவர்களும் உண்டு.)

கேக்கை விளிம்பிலிருந்து ஊசியால் நெம்பினால் இலை முழுசாகப் பிரியும். நடுக்குழி கல் மாதிரி இறுகியிருக்கும், அங்கே குத்தினால் தூள்தான் மிஞ்சும். 100 மில்லி மூடிக் கிண்ணத்தில் 5 கிராம், நன்றாகக் கொதித்த தண்ணீர். முதல் தண்ணீரை அலசிக் கொட்டிவிட்டு, அடுத்ததைப் பத்து வினாடியில் வடித்தேன்.

குன்மிங் தேநீர் தேன் நிறம். கசப்பு நாக்கில் சுருக்கென்று ஏறி, விழுங்கியபின் தொண்டையில் இனிப்பாகத் திரும்பியது. அது உயரமான, வறண்ட ஊர், தேயிலை மெல்லத்தான் முதிரும். கோலாலம்பூர் தேநீரோ செம்பழுப்பு. முதல் கிண்ணத்தில் கிடங்கு வாடை. மூன்றாவதில் அது போய்க் கற்பூரமும் பழைய மரமும் வந்தன. கசப்பு பேருக்குத்தான். என் ஓட்டு இதற்கே, இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு நல்ல வேலை கிடைத்ததே!

குடித்து முடித்ததும் சக்கையைத் தட்டில் விரித்துப் பாருங்கள். குன்மிங் இலை ஆலிவ் பச்சை, கோலாலம்பூர் இலை பழுப்பு. இரண்டும் விரலால் பிரித்தால் விரிந்தன. கருகி, விறைத்து, எவ்வளவு ஊறினாலும் விரியாத இலை என்றால் ஈரம் மிஞ்சிய கிடங்கில் கிடந்திருக்கும் என்று நினைக்கலாம். பச்சை, கறுப்புப் பூஞ்சணம் கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம், குப்பைத்தொட்டி.

பூஅரின் இன்னொரு வகையான ஷூவில், எந்த ஊரில் இருந்தது என்ற இந்தத் தலைவலி குறைவு. 1973 வாக்கில் குன்மிங் ஆலையில் உருவாக்கிய முறை அது. இலையைக் குவித்து, நனைத்து, மூடிப் புளிக்கவைத்துச் சில வாரங்களிலேயே முதிர்ச்சியைக் கொண்டுவந்துவிடுவார்கள். குவியல் வாடை அடங்கச் சில வருஷம் போதும். அதற்குமேல் வயதுக்கென்று அதிகப் பணம் கொடுக்க எனக்கு மனசில்லை. தினசரிக்கு அதுதான்.

ஷெங்கை முழு கேக்காக, 357 கிராம், எடுப்பதற்கு முன் சாம்பிள் குடித்தே ஆகவேண்டும். 2007இல் பூஅர் விலை கண்மண் தெரியாமல் ஏறிச் சரிந்தது. அந்த மாதிரிக் காலத்துச் சரக்கில் மேலுறையை நம்பி வாங்க முடியாது. காகிதம் அச்சடிப்பது சுலபம்.

மிச்ச கேக்குகள் மண்ஜாடியில் இருக்கின்றன. ஊதுபத்தியும் தாளிப்பும் எட்டாத அறை, தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அடுத்து சீனாவின் குவாங்சியின் லியுபாவ். மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கு ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் குடித்த தேயிலை அது, ஈப்போவில் பழைய சரக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.