நண்டுக்கறியோடு போஜோலே: நாலாவது போத்தலில் சரிவந்தது

வாவி நண்டுக்கும் சிவப்பு வைனுக்கும் ஆகாது என்ற பேச்சு பாதிதான் உண்மை. துவர்ப்புக் கூடிய சிவப்பு வைனான கபர்னே சாவிக்னோன் இரண்டு போத்தல் வீணாய்ப் போனது சரிதான். உறைப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கை எரித்தன, பின்னால் பித்தளைச் சட்டியை நக்கின மாதிரி ஒரு ருசி. வைனில் உள்ள இரும்பு லீற்றருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் கடலுணவின் கொழுப்போடு கூடி வெடுக்கைக் கிளப்பிவிடும். மூன்றாவது போத்தல் போஜோலே என்ற பிரெஞ்சுச் சிவப்பு வைன், குளிர்த்தி சரிவராமல் கெட்டது. நாலாவதும் போஜோலேதான். நண்டும் தெரிந்தது, வைனும் தெரிந்தது.

போஜோலே என்பது பிரான்ஸில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள பகுதி, அங்கே விளைவது கமே திராட்சை. 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் இந்தக் கொடியைத் தன் நிலத்தில் நடக்கூடாதென்று விரட்டினார். போஜோலேயின் வடபாதிக் கருங்கல் மண்ணிலோ அது நன்றாக ஊன்றிக்கொண்டது. குலையை நசுக்காமல் தொட்டியில் கொட்டி மூடுவார்கள். கரியமிலவாயு நிரம்ப, நொதிப்பு பழத்துக்குள்ளேயே தொடங்கும். அதனால்தான் துவர்ப்பு குறைவு. நவம்பர் மூன்றாம் வியாழன் வரும் இளம் போஜோலேயான ‘நுவோ’ வேண்டாம், வாழைப்பழ வாசம் தூக்கும். லேபிளில் ‘வில்லாஜ்’ அல்லது ‘ப்ருயி’ என்றிருக்கும் போஜோலேயை எடுங்கள். அல்ககோல் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது. கூடினால் மிளகாய் இன்னும் எரியும்.

இனி குளிர்த்தி. வேலையே இங்கேதான். வேண்டியது 13 பாகை, நம் வீட்டுக்குள் இருப்பதோ 31. பிரிட்ஜில் இரண்டு மணித்தியாலம் போகும். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பாதி, தண்ணீர் பாதி, ஒரு கை உப்பு போட்டால் 15 நிமிடத்துக்குள் வரும். வெறும் ஐஸ் கட்டிக்குள் செருகினால் போத்தலைச் சுற்றிக் காற்று நிற்கும், இறங்காது. மூன்றாவது போத்தல் கெட்டது கழுத்தால்: தண்ணீர் தோளோடு நின்றுவிட்டது. குளிர்ந்த வைன் அடிக்கு இறங்க, சூடானது கழுத்தில் தங்கியது. முதல் கிளாஸ் 19 பாகை, கடைசிக் கிளாஸ் 9. தண்ணீர் தக்கை வரை நிற்கட்டும், ஐந்து நிமிடத்துக்கொரு தரம் போத்தலை மெல்லத் தலைகீழாக்கி நிமிர்த்துங்கள். வெப்பமானியைப் போத்தலின் வெளியே ஒட்டிப் பார்ப்பது வீண். கிளாஸில் ஊற்றி அளக்க வேண்டும். 11இல் வெளியே எடுங்கள், கிளாஸே ஒன்றிரண்டு பாகை ஏற்றிவிடும். ஒரு தரத்துக்கு 75 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள், மிச்சம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

கறியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு கிலோ நண்டுக்கு வறுத்த தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, பழப்புளி பாக்களவு. புளி கூடினால் வைன் சப்பென்று போகும். முதற்பால் ஒரு கோப்பை கடைசியில், முருங்கையிலை ஒரு பிடி. முதற்பால் விட்டபின் கொதிக்கவிடாதீர்கள், திரிந்துவிடும். சோற்றைவிடப் பிட்டு நல்லது, உறைப்பைக் குடித்துவிடும். எருமைத் தயிரும் பாணியும் மேசைக்கு வந்தால் கிளாஸை ஒதுக்கிவையுங்கள். இனிப்புக்குப் பின் இந்த வைன் வெறும் புளிக்காடி.

போத்தல் எடுப்பதுதான் தலையிடி. இங்கே கடைகளில் முன்வரிசை சாராயத்துக்கும் பியருக்கும்தான். கொழும்பிலிருந்து கொண்டுவருவதென்றால் இரவு ரயில். பகல் பஸ்ஸில் வந்த போத்தலைத் தக்கையைப் பார்த்தே பிடிக்கலாம், சற்று வெளியே தள்ளியிருக்கும், திறந்தால் ஜாம் வாசம். மிஞ்சியதை அதே தக்கையால் அடைத்து பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம்.

அடுத்தது மோர்கோன். அதுவும் போஜோலேதான், ஆனால் கொஞ்சம் கனதி, நண்டுக்கு வேண்டாம். மிளகு தூக்கலாகப் போட்ட கணவாய்க் கறிக்கு. நண்டிலேயே இன்னும் ஒன்று தீரவில்லை: சினை நண்டு போட்டால் அந்த வெடுக்கு லேசாகத் திரும்பி வருகிறது, 13 பாகையிலும்.