வலியில்லாமல் வந்த பல்

"வலியே இல்லாமத்தான் வந்தேன் டாக்டர். நீங்க கை வச்ச பிறகு ரெண்டு ராத்திரியா தூக்கம் இல்ல."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். வலப்பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மூன்று நாள் முன்னால் அவருடைய கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் தொடங்கியவன் நான்தான். நரம்பு எப்போதோ செத்துப்போன பல் அது. வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிந்தது. அதுவரை அந்தப் பல்லால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

காய்ச்சல் இல்லை, வாய் நன்றாகத் திறந்தது, விழுங்க முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, தற்காலிக அடைப்பை எடுத்தேன். முதலில் சீழ், பிறகு ரத்தம் கலந்த நீர். அது வடிய வடிய அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். வேருக்குள் நரம்பு ஓடிய கால்வாய்களை மறுபடி கழுவி, மருந்து வைத்து மூடினேன்.

அன்று மாலை அவருடைய சிகிச்சைக் குறிப்பை எடுத்துப் படித்தேன். வேரின் நீளத்தை எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தேன். மேல்பாதியைச் சுத்தம் செய்யாமலே, கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கம்பியான ஃபைலை நுனி வரை இறக்கியிருந்தேன். செத்த பல்லின் கால்வாய் முழுக்கக் கிருமியும் அழுகிய திசுவும்தான். மேலிருந்து நேராகக் குத்தி இறக்கினால் அவை நுனித் துளை வழியாக எலும்புக்குள் தள்ளப்படும். கிருமிக்கும் உடலுக்கும் இடையே பல காலமாக இருந்த ஒரு சமநிலை அங்கே குலைந்துபோகிறது. வீக்கமும் வலியும் அதற்கு உடல் தரும் பதில். எல்லாம் சரியாகச் செய்தும் சில பற்கள் இப்படிப் பொங்கும் என்பது உண்மை. ஆனால் இந்தப் பல்லில் எல்லாம் சரியாகச் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு என் வரிசை மாறியது. முதலில் கால்வாயின் மேல்பகுதியை அகலப்படுத்திக் கழுவுகிறேன்; பிறகுதான் கீழே இறங்குகிறேன். நீளத்தை, வேர் நுனியைக் காட்டும் மின்கருவியான அபெக்ஸ் லொக்கேட்டரில் பார்த்து, எக்ஸ்ரேயோடு ஒப்பிடுகிறேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் நடுவே ஒருமுறை கழுவுகிறேன்.

கழுவுவதை உதவியாளர் வேலை மாதிரி நினைத்த காலம் எனக்கும் உண்டு. இன்று சிகிச்சையில் மிக நிதானமாகச் செய்ய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். கழுவும் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமியைக் கொல்லும், திசுவைக் கரைக்கும். நுனியைத் தாண்டிவிட்டால் உயிருள்ள திசுவையும் விட்டுவைக்காது. பக்கவாட்டில் துளை உள்ள மெல்லிய ஊசி, அதில் ஆழத்தைக் குறிக்க, வேர் நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் குறைவாக ரப்பர் வளையம். ஊசி கால்வாயில் இறுகாமல் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். சிரிஞ்சைக் கட்டைவிரலால் தள்ளினால் வேகம் கூடிவிடுகிறது. ஆள்காட்டி விரலால் தள்ளிப் பாருங்கள், அழுத்தம் தானாகக் குறையும். இளம் மருத்துவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த விரல் மாற்றத்தைத்தான்.

தட்டினாலே துடிக்கும் பல்லோடு வருபவர்களுக்குக் கடைசியாக 2.5 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்த சலைனால் 5 நிமிடம் கழுவுகிறேன். முதல் நாள் வலி குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. செலவும் இல்லை, சிரமமும் இல்லை.

அடுத்தது கடிமானம். ஒரு பெண்மணி இரண்டாம் நாள் வந்து, "பல்லைச் சேர்க்கவே முடியல டாக்டர்" என்றார். நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னேன். அடைப்பின் ஓரத்தில் கடுகளவு அடர்நீலப் புள்ளி ஒன்று. அரை நிமிடம் தேய்த்ததும் தயங்கித் தயங்கிப் பல்லைச் சேர்த்தார், முகம் மாறியது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய புள்ளி. உதடு மரத்திருக்கும்போது அடைப்பு உயரமாக இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பார்க்க வேண்டியவர் மருத்துவர்தான். முன்பே வலி, நரம்பில் உயிர், தட்டினால் நோவு, எக்ஸ்ரேயில் கறுப்பு இல்லை என்றால், பிறகு கிரவுன் என்ற மேலுறை போடப்போகும் பல்லைக் கொஞ்சம் தாழ்த்தியே விடுகிறேன்.

மாத்திரையில் நேரம்தான் முக்கியம். மரப்பு விலகி வலி ஏறிய பிறகு போடுவதைவிட, மரப்பு இருக்கும்போதே போடுவது நல்லது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா, கர்ப்பம் எதுவும் இல்லையென்றால் இப்யூபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்துத் தருகிறேன். அந்தக் கேள்விகளைக் கேட்காமல் தருவதில்லை. "ஆன்டிபயாடிக் எழுதலையா?" என்று பலர் கேட்கிறார்கள். நரம்பு அழற்சியின் வலியை அது குறைக்காது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் என்றால் அது வேறு கதை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சிலருக்கு வலி வரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த ஒரு கட்டுரையின்படி, முதல் 24 மணி நேரத்தில் 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வலி இருந்தது. 7 நாளில் அது 11 சதவீதமாகக் குறைந்தது. இந்த இறக்கத்தை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வலி வரும் என்று தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்கிறார்கள். தெரியாதவர்களுக்கோ நடுராத்திரியில் வலியோடு, ஏதோ தப்பாகிவிட்டது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. கன்னம் வீங்கிய அந்த மனிதரிடம் முதல் நாள் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை.

சிகிச்சையை முடிக்க வந்த அன்று, வாயைத் திறப்பதற்கு முன் அவர் கேட்டார்: "இன்னிக்கு ராத்திரி எப்படி இருக்கும் டாக்டர்?"

கடித்தால் நோவு இருக்கலாம், இரண்டு நாளில் இறங்கும் என்றேன். அந்தப் பக்கம் கெட்டியாக எதையும் மெல்ல வேண்டாம், வீட்டுக்குப் போனதும் முதல் மாத்திரை என்றேன். வீக்கம் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள் என்று எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை நானே அழைத்தேன். "மென்னா லேசாத் தெரியுது. மத்தபடி தூங்கிட்டேன்" என்றார்.