சேஸுக்குப் பூசிய மிச்சம்

ஒரு ஜீப்பில் யார் கண்ணிலும் படாத பாகம், அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸ்தான். எங்கள் வீட்டில் இந்த ஆண்டு தீபாவளிச் செலவைவிட அதற்குத்தான் அதிகம் செலவாகியிருக்கிறது.

போடியில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டிலும், ஒருகாலத்தில் வைத்திருந்தவர்கள் வீட்டிலும் பழைய ஜீப் ஒன்று நிற்பது வழக்கம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து ஓய்ந்த வண்டிகள். என் மாமனாரின் மகேந்திரா ஜீப்பும் அந்த வகைதான். அதைச் சரிசெய்யப் போவதாக என் கணவர் சொன்னபோது, கழுவித் துடைத்துப் புது பேட்டரி போடுவார் என்று நினைத்தேன். பாடி டிங்கரிங் கடைக்குப் போயிற்று. எஞ்சின் மெக்கானிக்கிடம் போயிற்று. கார் ஷெட்டில் மிஞ்சியது இரண்டு நீள இரும்புச் சட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும் மட்டுமே.

வில்லிஸ் ஜீப்பை மகேந்திரா நிறுவனம் 1947-இல் இந்தியாவில் பாகங்களைப் பூட்டித் தயாரிக்கத் தொடங்கிய வரலாற்றை, பால்காரர் உட்பட வந்தவர் எல்லோருக்கும் கணவர் விளக்கினார். முழுக்கக் கேட்டவர் என் மாமியார் ஒருவர்தான். கேட்டுவிட்டு, "எல்லாம் சரியப்பா, இதை நட்டுப் பந்தலா போடப் போகிறாய்?" என்றார்.

துருப்பிடித்த நட்டுகள் தனி இதிகாசம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார், சுத்தியலால் தட்டினார், தீயில் காட்டினார், கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் கட்டிங் மெஷின்தான் வென்றது. சட்டத்தின் உட்குழிவில் கம்பியை விட்டுக் குடைந்தபோது மலைச் சேறு கட்டிகட்டியாக உதிர்ந்தது. கூடவே குளவிக் கூடுகள், ஒரு ஸ்குரூ டிரைவர். ஒரே ஒரு ஏலக்காய்கூட விழவில்லையே என்று அத்தைக்கு வருத்தம்.

அடுத்து, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவைத் தேய்க்கும் படலம். முற்றத்தில் காயப்போட்ட மோர்மிளகாய் அன்று மாலைக்குள் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. அத்தை அதைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்று முதல் அவரே மேற்பார்வையாளர்.

கிரீஸும் பழைய பெயிண்டும் மூடிக் கிடந்த இடத்தில் சேஸ் நம்பர் கிடைத்தது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போனால் அந்த நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள். என் கணவரும் அப்படியே ஒரு படி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து, ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். எங்கள் திருமணத்துக்கு இவ்வளவு நேரம் யாரும் பார்க்கவில்லை.

பெயிண்ட் கடைக்காரர் ரெட் ஆக்ஸைடு அடித்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். அது என்ன என்று அத்தை கேட்க, இரும்பு ஆக்ஸைடு என்ற நிறமி, துருவும் ஏறக்குறைய அதே பொருள்தான் என்று கணவர் வேதியியல் பாடம் எடுத்துவிட்டார்.

"அப்படியானால் வாரக்கணக்கில் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, டப்பாவில் அடைத்த துருவைக் காசு கொடுத்து வாங்கிப் பூசப் போகிறாயா?"

துருவுக்கும் நிறமிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்க முயன்றார். செல்லவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தது, பெயிண்டுக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் சாம்பல் நிற எபாக்சி பிரைமர். விலை, கேட்காமலிருப்பது நல்லது.

எபாக்சியில் ஒரு சங்கடம் உண்டு. பிரைமரையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கலந்துவிட்டால் பிறகு டப்பாவில் மூடி வைக்க முடியாது. சில மணி நேரத்தில் அது பாட்டுக்கு இறுகிவிடும். வெயில் ஊரில் இன்னும் சீக்கிரம். சேஸை அடித்து முடித்தபோது கலந்ததில் கால்வாசி மிச்சம் இருந்தது. "கொட்டிவிடலாம்" என்று கணவர் சொன்னதுதான் தாமதம், அத்தை எழுந்துவிட்டார். பழைய சோற்றையே கொட்ட விடாதவர் அவர்.

முதலில் மோட்டார் ஸ்டாண்டு. பிறகு கிணற்று மூடி, துணிக்கொடிக் கம்பம், மாடிப்படிக் கைப்பிடி. வாசல் கேட்டுக்கு வந்ததும், "அம்மா, எபாக்சி வெயிலுக்கு ஆகாது, வெளுத்துப் பொடிந்துவிடும்" என்று கணவர் கெஞ்சினார். "வெளுக்கும்போது வெளுக்கட்டும், நீ அந்தப் பக்கம் அடி" என்றார் அத்தை. அண்டை வீட்டு அக்கா தன் இரும்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பெயிண்ட் இழுபட ஆரம்பித்திருந்தது. ஸ்டூலுக்கு மூன்று கால்தான் ஆயிற்று. நாலாவது காலுக்காக அவர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சேஸுக்கு மட்டும் அடுத்தடுத்த நாள்களில் மேலே பளபளக்கும் கறுப்பும் அடித்தாயிற்று. உண்மையைச் சொன்னால், மிக அழகாகவே இருக்கிறது. பாடியை ஏற்றிவிட்டால் இந்த அழகு மறைந்துவிடும் என்ற கவலையில், அதற்கு முன்பே பார்த்துவிடச் சொல்லி உறவினர்களுக்கெல்லாம் கணவர் போன் போட்டார். தேனியிலிருந்து என் பெரிய மாமா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார், இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் வந்து பார்த்தார், காப்பி குடித்தார்.

"பிரமாதமாக இருக்கிறது மாப்பிள்ளை. வண்டி எங்கே?"