தீபாவளிக்காக ஒரு வரி

மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது ஒரு நாள் கசங்கிய தாளொன்றைப் பையிலிருந்து எடுத்துத் தந்தாள். 'இந்துக்கள் ஏன் தீபாவளி கொண்டாடுகிறார்கள்?' என்பது கேள்வி. கீழே நான்கு கோடுகள். அம்மம்மா சொன்னபடி நரகாசுரனைப் பற்றி எழுதியிருந்தாள். 'கதையை மறுபடி வாசித்துப் பார்' என்று ஆசிரியர் பச்சை மையில் குறித்திருந்தார். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இராமர் அயோத்திக்குத் திரும்பிய கதை. எங்கள் வீட்டில் அந்தக் கதையைத் தீபாவளியோடு சேர்த்து யாரும் சொன்னதே இல்லை.

சண்டை பிடிக்கத்தான் பள்ளிக்கூடம் போனேன். ஆசிரியர் நல்லவர். "பாடத்திட்டத்தில் உள்ளதைத்தான் கேட்டேன்" என்று கோப்பைத் திறந்து காட்டினார். அதன் அட்டையில் எங்கள் உள்ளூராட்சிக் கவுன்சிலின் சின்னம் இருந்தது. அன்றுதான் எனக்குத் தெரியவந்தது: இங்கிலாந்தில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் தேசியப் பாடத்திட்டம் உண்டு, சமயக் கல்விக்கு இல்லை. அதை அந்தந்த உள்ளூராட்சிப் பகுதியே வகுத்துக்கொள்கிறது. இதை மேற்பார்க்க ஒவ்வொரு கவுன்சிலும் நிலையான ஆலோசனைக் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக சாக்ரே (SACRE) என்கிறார்கள்.

கவுன்சிலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். குழுவின் எழுதுவினைஞர் மறுநாளே பதில் போட்டார். இந்துக்களுக்கான இடம் மூன்று ஆண்டுகளாகக் காலியாம். நீங்களே வரலாமே, ஆனால் ஓர் இந்து அமைப்பு உங்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்றார்.

கோயில் செயலாளரிடம் போனேன். "பிள்ளை, தேர்த் திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்றார். தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது, பூங்காவனமும் முடிந்தது. ஆறாவது வாரம் கடிதம் கிடைத்தது, என் பெயர் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஊரிலுள்ள குஜராத்திக் கோயிலான மந்திருக்கும் இதில் சம்மதமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நகரத்து இந்துக்களில் பெரும்பாலோர் அவர்கள். மந்திர்த் தலைவர் என்னை உட்காரவைத்துத் தேநீர் தந்துவிட்டு, "புத்தகத்தில் இராமர் இருக்கிறாரே, பிறகென்ன குறை?" என்று சிரித்தார். இராமரை எடுக்க வரவில்லை ஐயா, பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்கத்தான் வந்தேன் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

முதல் கூட்டத்துக்கு நரகாசுரனை நன்றாகத் தயார்செய்துகொண்டு போனேன். நிகழ்ச்சிநிரலில் அவனுக்கு இடமே இல்லை. பாடத்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். எங்கள் முறை வர இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. மண்டபத்தில் நான்கு பகுதியாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாவது குழுவில், நாட்டின் அதிகாரபூர்வ சபையான இங்கிலாந்துத் திருச்சபை தவிர்ந்த கிறிஸ்தவப் பிரிவுகளும் ஏனைய சமயங்களும். இரண்டாவது இங்கிலாந்துத் திருச்சபை. மூன்றாவது ஆசிரியர் சங்கங்கள். நான்காவது கவுன்சில். ஆளுக்கு ஒரு வாக்கு என்று நினைத்திருந்தேன். குழுவுக்குத்தான் ஒரு வாக்கு. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், முஸ்லிம், யூதர், சீக்கியர், பௌத்தர் என்று ஏழு பேர் இருந்த எங்கள் குழுவில் என் பங்கு ஏழில் ஒன்று. திருச்சபைக்கு மட்டும் முழுசாக ஒன்று. முணுமுணுத்தேன். பக்கத்திலிருந்த சீக்கிய அம்மா, "பன்னிரண்டு வருடமாக நானும் முணுமுணுக்கிறேன்" என்றார்.

இந்த ஆலோசனைக் குழுவுக்கு அதிகாரம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பல் பிடுங்கிய பாம்பு, ஆனால் பாம்புதான். கவுன்சிலின் கீழுள்ள பெரும்பாலான பள்ளிகள் எங்கள் பாடத்திட்டத்தைப் பின்பற்றியாக வேண்டும். கவுன்சிலின் கீழ் வராமல் அரசிடம் நேரடியாக நிதி பெறும் அகாடமிப் பள்ளிகள் சமயக் கல்வி கற்பிக்க வேண்டும், ஆனால் எங்கள் பாடத்திட்டப்படிதான் என்று கட்டாயமில்லை. யாரையும் தண்டிக்க முடியாது. கடிதம் எழுதலாம், ஆண்டறிக்கையில் குறிப்பிடலாம். எனக்குப் பத்துப் பள்ளிகளின் இணையப் பக்கங்களைப் பார்க்கும் வேலை தந்தார்கள். ஒன்றில் சமயக் கல்வி என்ற தலைப்பின் கீழ் நத்தார் (கிறிஸ்துமஸ்) நாடகப் படங்கள் மட்டும் இருந்தன. இன்னொன்றில் பக்கமே திறக்கவில்லை. கடிதம் போனபின் அந்தப் பக்கம் திறந்தது. உள்ளே இருந்தது காலாவதியான பழைய பாடத்திட்டம்.

மீளாய்வு தொடங்கியபோது அதற்கென்று தனி மாநாடு கூடியது. அதிலும் அதே நான்கு குழுக்கள்தான், ஆனால் அங்கே பெரும்பான்மை செல்லாது. நான்கும் ஒருமனதாக ஏற்றால்தான் பாடத்திட்டம் நிறைவேறும். நாட்டின் சமய மரபுகள் பெரும்பாலும் கிறிஸ்தவம் என்பதைப் பாடத்திட்டம் காட்ட வேண்டும், பிற முக்கிய சமயங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டமே இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கிறது.

இடையில் இன்னொரு விவகாரம். மனிதநேயவாதி ஒருவரை, அதாவது கடவுள் நம்பிக்கை இல்லாமலே அறத்தோடு வாழலாம் என்பவரை, முதலாவது குழுவில் சேர்க்க வேண்டுமா என்பது. 2023இல் கெண்ட் கவுன்சில் தொடர்பான வழக்கில், மனிதநேயம் ஒரு மதமல்ல என்ற காரணத்துக்காக ஒருவரை விலக்கியது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நான் சைவப் பிள்ளைகளுக்குச் சைவ பாடம், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ பாடம் என்று மணி அடித்ததும் வகுப்பே பிரிந்து போகும் யாழ்ப்பாணத்துப் பள்ளியில் படித்தவள். கடவுள் இல்லை என்பவருக்கு இந்த மேசையில் என்ன வேலை என்றுதான் தோன்றியது. வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வரைவின் நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் பென்சிலால் கோடிட்டு வாசித்துக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். 'இந்துக்கள் நம்புகிறார்கள்' என்று தொடங்கும் வாக்கியங்களையெல்லாம் எண்ணி, "எல்லா இந்துக்களுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

என் பங்குக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நரகாசுரன், கந்தசஷ்டி, தைப்பொங்கல், தேவாரம், எல்லாம் உண்டு. வாசித்து முடித்ததும் மூன்றாவது குழுவிலிருந்த இளம் ஆசிரியை கையை உயர்த்தினார். "எனக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம்தான். பயிற்சிக் கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு ஒருநாள்கூட முழுசாகத் தரவில்லை. இதில் எதை நான் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது?" கோபம் இல்லாத குரல். அதனால்தான் எனக்குச் சுட்டது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் இருந்து வெட்டத் தொடங்கினேன். முதலில் போனது தேவாரம்; மனம் கேட்கவில்லை, ஆனால் போனது. இரண்டு பக்கம் ஒரு பக்கமாகி, ஒரு பத்தியாகி, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: 'தீபாவளிக்கு ஒரே கதை இல்லை, ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபடும். வகுப்பிலுள்ள பிள்ளைகளின் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.'

அடுத்த அமர்வில் சீக்கிய அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அதே நாட்களில் அவர்களும் விளக்கேற்றுகிறார்கள். அது குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து 52 அரசர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்த நினைவுக்காக. 'இந்து' என்ற தலைப்பின் கீழ் மட்டும் தீபாவளியை வைக்காதீர்கள் என்றார். சமணருக்கு அது மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள் என்று கவுன்சிலின் சமயக் கல்வி ஆலோசகர் சேர்த்துச் சொன்னார். திருச்சபைப் பாதிரியார் மறுக்கப்போகிறார் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவரோ, நத்தாருக்கும் இப்படி ஒரு வரி எழுத முடியுமா என்று கேட்டார். அதற்கு முக்கால் மணி நேரம் போனது. தீபாவளிக்கு ஐந்து நிமிடம்.

நான்கு குழுக்களும் ஏற்றன. பிறகு கவுன்சில் கூட்டத்தில், வாகனத் தரிப்பிடக் கட்டணத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில், யாரும் எழுந்து பேசாமலே நிறைவேறியது. பொதுமக்களுக்கான நாற்காலிகளில் நானும் தபால்காரரும் மட்டும் இருந்தோம். கைதட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அடுத்த இலையுதிர் காலத்தில் மகன் இரண்டாம் வகுப்பு. பையிலிருந்து தாள் வந்தது. அதே தாள், பிரதி எடுத்துப் பிரதி எடுத்து எழுத்து மங்கிப்போன அதே கேள்வி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகுதான் கவனித்தேன், நான்கு கோடுகளுக்குக் கீழே பேனாவால் ஒரு கேள்வி சேர்க்கப்பட்டிருந்தது: 'உங்கள் வீட்டில் என்ன கதை சொல்வார்கள்?' மகன் நரகாசுரன் பெயரை மூன்று எழுத்துப்பிழையுடன் எழுதி, கொம்பு வைத்துப் படமும் போட்டிருந்தான். பக்கத்தில் பச்சை மையில் ஆசிரியரின் இன்னொரு கேள்வி: 'இவனுக்கு அம்மா இருந்தாரா?'

"இருந்தாவா அம்மா?" என்றான் மகன்.

பூமாதேவி என்று சொல்ல வாயெடுத்தேன். அம்பு விட்டது யார் என்பதில் எனக்கே குழப்பம் வந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி அவனுடைய அம்மம்மாவைக் கூப்பிட்டேன்.