மைனஸ் 12-க்குப் பின்னால் மைனஸ் 28: லிட்டில்எஃப்எஸ் லீக் சரிசெய்த குறிப்பு

போர்டு எஸ்டிஎம்32 எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர், ரேம் 20 கேபி, எஸ்பிஐ-யில் ஒரு நார் ஃப்ளாஷ் சிப். அதில் லிட்டில்எஃப்எஸ், அதாவது மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான குட்டி ஃபைல் சிஸ்டம். பிளாக் 4096 பைட், லாக் (பதிவு) ஃபைலுக்கு 64 பிளாக், கேஷ் 256 பைட், லுக்-அஹெட் (காலி பிளாக் தேடும் பஃபர்) 32 பைட், ஹீப் (ஓடும்போது மெமரி எடுக்கும் இடம்) 8 கேபி. நிமிடத்துக்கு 64 பைட்டில் ஒரு வரி.

மூன்றாம் நாள் ஃபைல் ஓப்பன் -12 தருகிறது, அதாவது மெமரி இல்லை. ரீசெட் போட்டால் இருபது நிமிடம் ஓடிவிட்டு மறுபடி அதே. ஹீப்பை 12 கேபி ஆக்கினால் அரை மணி. ஹீப்பைக் கூட்டினால் தள்ளித்தான் போகிறது என்றால் அது லீக்தான்: எடுத்த மெமரி திரும்பி வரவில்லை.

உண்மையான பிழை -12 அல்ல, அதற்கு முன்னால் வந்த -28, அதாவது ஃப்ளாஷில் இடம் இல்லை. 256 கேபி நிரம்பியதும் ரைட் தோற்கிறது. லாக் ஃபங்ஷன் அங்கேயே ரிட்டர்ன் ஆகிவிடுகிறது, குளோஸ் வரை போவதில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் 256 பைட் கேஷ் பஃபர், 84 பைட் ஃபைல் ஸ்ட்ரக்ட், மேலாக் (ஹீப்பில் மெமரி எடுக்கும் ஃபங்ஷன்) வைக்கும் தலைப்பு என 350 பைட் சொச்சம் போகிறது. மவுன்ட் (ஃபைல் சிஸ்டத்தை இணைப்பது) பிடிக்கும் இரண்டு கேஷ், ஒரு லுக்-அஹெட் என 544 பைட் போக மீதியை வகுத்தால் 21 தோல்வி. கணக்கு நேராக வருகிறது.

திருத்தம் சின்னது: ரைட் தோற்றாலும் குளோஸ் ஓட வேண்டும். முதலில் வந்த எரர் கோடை வைத்துக்கொண்டு அதையே திருப்பித் தரவும். குளோஸ் எரர் தந்தாலும் பஃபர் விடுவிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் முறை குளோஸ் கூப்பிடக் கூடாது. குட்டி ஃபைல்களில் ரைட் ‘வெற்றி’ என்று சொல்லிவிட்டு, -28 குளோஸில்தான் வரும். அதனால் அதன் ரிட்டர்னையும் பார்க்கவும். ஓப்பனே தோற்றால் லிட்டில்எஃப்எஸ் தன் பஃபரைத் தானே விட்டுவிடும். நாம் மேலாக் செய்த ஸ்ட்ரக்டை விடுவது நம் பொறுப்பு.

டைரக்டரி லீக் இதைவிட மோசம். டைரக்டரி ஓப்பன் மேலாக் எதுவும் செய்யாது, ஹீப் கவுன்டர் அசையாது. ஆனால் திறந்தவற்றின் லிங்க்டு லிஸ்டில் அந்த ஸ்ட்ரக்ட் கோர்க்கப்படும். ஸ்டாக்கில் வைத்துவிட்டு குளோஸ் செய்யாமல் திரும்பினால், அடுத்த கமிட் (ஃப்ளாஷில் மாற்றத்தை எழுதுவது) அந்த லிஸ்டில் நடக்கும்போது குப்பை முகவரியில் கால் வைக்கும்; கிராஷ் சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனில் தெரியும். அதே ஃபங்ஷன் அதே ஸ்டாக் முகவரியில் மறுபடி திறந்தால், கண்ணி தன்னையே சுட்டும். அசர்ட் (நிபந்தனை தவறினால் நிறுத்தும் சோதனை) இருந்தால் அங்கேயே நிற்கும். அணைத்திருந்தால் முடிவில்லாத லூப், பிறகு வாட்ச்டாக் (தொங்கினால் ரீசெட் போடும் டைமர்) ரீசெட். “அசர்ட் சைஸ் கூட்டுது” என்று அணைப்பவர்கள் டெஸ்ட் பில்டிலாவது விட்டுவைக்கலாம்.

மிச்சத்தைப் பிடிக்க போர்டு வேண்டாம். லினக்ஸில் ரேம் பிளாக் டிவைஸுடன் (ஃப்ளாஷுக்குப் பதில் ரேம்), அட்ரஸ் சானிடைசர் (மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டு பில்ட் செய்து, ஸ்டாக் யூஸ் ஆஃப்டர் ரிட்டர்ன் சோதனையையும் ஆன் செய்யவும். புரோகிராம் கால்பேக் (ஃப்ளாஷில் எழுத லிட்டில்எஃப்எஸ் கூப்பிடும் நம் ஃபங்ஷன்) N-ஆவது அழைப்பில் -5, அதாவது ஐஓ எரர், தரட்டும். N-ஐ 1-இலிருந்து ஏற்றிக்கொண்டே போனால் எழுதுவது தோற்கும் ஒவ்வொரு இடத்தின் எரர் பாதையும் ஓடும். தோல்வியே வராத N-இல் நிறுத்தலாம். -84 தரக் கூடாது: அது பிளாக் கெட்டது என்று பொருள், லிட்டில்எஃப்எஸ் வேறு பிளாக்குக்கு மாறிப் போய்விடும், எரர் பாதை ஓடாது.

ஒவ்வொரு சுற்றிலும் அன்மவுன்டுக்கு முன் திறந்தவற்றின் லிஸ்ட் காலியாகவும் (NULL), மேலாக் கவுன்ட் மவுன்டின் 3 பஃபராகவும் இருக்க வேண்டும். அன்மவுன்ட் ஆனதும் 0.