ராமேஸ்வரத்தில் கயாக் தொழில் தொடங்கிய அனுபவம்

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட வருகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிப்பார்கள். இவர்களை நம்பிக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டிலும் சரி, பேங்கிலும் சரி, ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். நம் பக்கம் பத்தாம் வகுப்பு வந்தாலே விளையாட்டு நின்றுவிடும். நாற்பது வயதுக்காரர் காசு கொடுத்து விளையாடுவார் என்று யார் நம்புவார்கள்?

ஆனால் இடம் அப்படி. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும். வடகடல், அதாவது பாக் விரிகுடா, குளம் மாதிரி கிடக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால் அப்படியே தலைகீழ். படகுகளை வண்டியில் ஏற்றிக் கரையை மாற்றிக்கொண்டால், புயல் சின்னம் உள்ள நாட்கள் போக, வருஷம் முழுக்கத் தொழில் உண்டு.

முதலில் பேசியது மீனவர் சங்கத்தாரிடம். வலை கிடக்கும் பக்கம் போகக் கூடாது, நாட்டுப்படகு கரையேறும் இடத்தை அடைக்கக் கூடாது, வேலைக்கு ஊர்ப் பிள்ளைகளைத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். மூன்றும் நியாயம். தென்கடலில் இருக்கும் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் நினைத்தபடி இறங்க முடியாது. எல்லைக் கடல் என்பதால் மரைன் போலீஸுக்குத் தகவல் சொல்லாமல் நாங்கள் படகு இறக்குவதில்லை. கரையில் காங்கிரீட் கட்ட விதி இடம் தராது, கீற்றுக் கொட்டகைதான்.

இதெல்லாம் அலைந்தால் முடிந்துவிடும். வந்த குடும்பத்தைத் தண்ணீரில் இறக்குவதுதான் பெரிய பாடு. ஆண்கள் ஏறுவார்கள், பெண்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார்கள். பயம் என்று நாம் நினைப்போம். கேட்டால், ஈரத் துணியோடு எங்கே போய் மாற்றுவது என்பார்கள். அதன் பிறகு கீற்றுத் தடுப்பில் தாழ்ப்பாள் வைத்த கதவு, உள்ளே ஒரு டிரம் நல்ல தண்ணீர், துணி மாட்டக் கொடி எல்லாம் போட்டோம். நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து லாரியில்தான் வாங்குகிறோம், ஆனாலும் இந்தச் செலவில் மட்டும் நான் கை வைப்பதே இல்லை.

பயமும் இருக்கத்தான் செய்கிறது, பாதிப் பேருக்கு மேல் நீச்சல் தெரியாது. அதனால் இடுப்பளவுத் தண்ணீரிலேயே முதலில் படகைக் கவிழ்த்துக் காட்டுவோம். லைப் ஜாக்கெட் வாரை இறுக்காவிட்டால் ஜாக்கெட் காதுவரை ஏறிவிடும், இறுக்கினால் தலை தானாக மேலே நிற்கும். அதைத் தன் உடம்பில் ஒருமுறை உணர்ந்தவர் அப்புறம் துடுப்பைக் கீழே வைக்க மாட்டார்.

இதைச் சொல்லிக்கொடுப்பவர் கடல்பாசி எடுக்கும் ஓர் அக்கா. சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு சின்ன வயதிலிருந்தே கடலில் முங்கி எழுந்தவர். பாசி எடுக்கப் போகாத நாட்களில் எங்களிடம் வருகிறார், மற்ற பயிற்சியாளர்களுக்கு உள்ள அதே சம்பளம். தயங்கி நின்ற ஒரு மதுரைப் பெண்ணிடம், "இந்த ஊர்ல கல்லே மிதக்குது, நீ மிதக்க மாட்டியா தாயி, இறங்கு" என்றார். அந்தப் பெண் போன மாதம் தன் ஆபீஸ் தோழிகளைக் கூட்டி வந்திருந்தார், கோயிலுக்கு மறுநாள்தான் போனார்கள்.

சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. பையன்கள் முதல் நாளே வந்துவிட்டார்கள். பெண் பிள்ளைகளை அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்.